சான்றிதழ் போதும், சட்டத்தைச் செயல்படுத்துங்கள்

தமிழ்நாட்டுக் கடலில் அரசு செய்ய வேண்டிய வேலையைச் சம்பளம் வாங்காதவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். பவளப்பாறைகளைச் சுற்றிக் கிடக்கும் அறுந்த வலைகளைச் சொந்தச் செலவில் மூழ்கி வெட்டியெடுப்பவர்கள் ஸ்கூபா பழகிய இளைஞர்கள். வலையில் அகப்பட்ட கடற்பசுவை, வலை போனால் போகட்டும் என்று அறுத்து வெளியே விடுபவர்கள் பாக் விரிகுடாவின் நாட்டுப்படகு மீனவர்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை சென்னைக் கடற்கரையில் நள்ளிரவில் நடந்து ஆமை முட்டைகளைக் காப்பவர்கள் மாணவர்கள். பாசி எடுக்கும் நாள்களைத் தாங்களாகவே குறைத்துக்கொண்டவர்கள் ராமேசுவரம் தீவின் பெண்கள். இவர்களுக்கு மேடை போட்டுச் சால்வை போர்த்துகிறார்கள், சான்றிதழ் கொடுக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். விழா முடிந்ததும் விசைப்படகுகள் வழக்கம்போலத் தடுக்கப்பட்ட தூரத்துக்குள் வந்து மடி இழுக்கின்றன. தடுக்க வேண்டிய துறை கரையில் நிற்கிறது.

இதை வன்மையாகக் கண்டிக்கிறோம். தன்னார்வலர்களின் உழைப்பைக் காட்டித் தன் கடமையிலிருந்து ஒதுங்கிக்கொள்ள எந்தத் துறைக்கும் உரிமை இல்லை. மீன்வளத் துறை, வனத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆகிய மூன்றும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சட்டம் போதவில்லை என்று இவர்கள் சொல்ல முடியாது. கடற்பசு, கடல் ஆமை, பவளப்பாறை மூன்றும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் 1986-இல் தேசியப் பூங்கா ஆனது. 1989-இல் மன்னார் வளைகுடாவின் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. கடல் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் மாநிலச் சட்டம் 1983 முதல் கையில் இருக்கிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவைமடி போடக் கூடாது, இரட்டைமடி எங்குமே கூடாது என்பதெல்லாம் மீனவக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விதிகள். தெரிந்த விதியை மீறுகிறவர்களைப் பிடிப்பதற்குத்தான் துறை என்று ஒன்று இருக்கிறது.

முதலில் அறுந்த வலைகளைப் பற்றிப் பேசுவோம். தன்னார்வ முக்குளிப்பவர்களின் உழைப்பில் பெரும்பகுதி அங்கேதான் கரைகிறது.

பழைய பருத்தி வலை கடலில் விழுந்தால் சில மாதங்களில் மக்கிப் போகும். இன்றைய நைலான் வலையும் தங்கூசி வலையும் மக்குவதில்லை. புயலில் அறுந்தோ, பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டில் சிக்கியோ, விசைப்படகின் மடி குறுக்கே போய் வெட்டியோ ஒரு வலை கடலுக்குள் தங்கிவிட்டால், ஆள் இல்லாமலே அது மீன் பிடித்துக்கொண்டிருக்கும். சிக்கிச் செத்த மீனைத் தின்ன நண்டு வரும், நண்டும் சிக்கும். அதைத் தேடி வரும் பெரிய மீனுக்கும் ஆமைக்கும் அதே கதி. ஈயக்குண்டின் கனத்தில் வலை பாரின் மேல் படிந்து, அலைக்கு அலை பவளத்தின் மேல்தோலை அறுக்கிறது, வெளிச்சத்தை மறைக்கிறது. ஆசிய-பசிபிக் பகுதியின் 159 பவளத்திட்டுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, பிளாஸ்டிக் படாத பவளத்துக்கு நோய் வரும் வாய்ப்பு 4 சதவீதம், பட்டதற்கு 89 சதவீதம் என்று கணக்கிட்டது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி ஆய்வாளர்கள் நடத்திய அளவீட்டில், கடற்குப்பையால் பாதிக்கப்பட்ட பவளப்பரப்பு ஆயிரம் சதுர மீட்டரைத் தாண்டியது. அந்தக் குப்பையில் பெரும்பங்கு கைவிடப்பட்ட மீன்வலை.

இந்தப் பவளங்கள் ஏற்கெனவே நொந்து கிடப்பவை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் பாறை வெட்டியெடுத்தோம். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. அதற்கு மேல் வெப்பம். 2010-இல் வெளிறின, 2016-இல் மீண்டும் வெளிறின. அந்த ஒரே ஆண்டில் உயிருள்ள பவளப்பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது. கடல் சூடாவதைச் சென்னைத் தலைமைச் செயலகம் ஒரே நாளில் நிறுத்திவிட முடியாது என்பது நமக்கும் தெரியும். ஆனால் வெப்பத்தில் வெளிறிய பவளத்தின் மேல் வலையும் விழாமல் பார்த்துக்கொள்ள முடியும். முடிந்ததைக்கூடச் செய்யாததுதான் எங்கள் குற்றச்சாட்டு.

உலக அளவில் ஆண்டுதோறும் எவ்வளவு வலை தொலைகிறது என்று மீனவர்களிடமே கேட்டுக் கணக்கிட்ட ஆய்வு 2022-இல் வந்தது. செவுள்வலைகளில் ஏறத்தாழ 3,000 சதுர கிலோமீட்டர், சுருக்குமடிகளில் 75,000 சதுர கிலோமீட்டர், இழுவைமடிகளில் 200 சதுர கிலோமீட்டருக்கு மேல். இந்த அளவுக்கு எதிரே நம் கடலில் நிற்பவர்கள், விடுமுறை நாளில் கத்தியும் காற்றுப்பையும் எடுத்துக்கொண்டு இறங்கும் சில பத்துப் பேர்.

அவர்கள் செய்வது ஆபத்தான வேலை. கலங்கிய நீரில் கைநீளத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. நீரோட்டத்தில் ஆடும் வலை முதுகிலிருக்கும் உருளையின் வால்வில் மாட்டும், துடுப்பில் சுற்றும். பதறி வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். அதனால்தான் இருவர் இருவராக இறங்குகிறார்கள், வலையைச் சிறு துண்டுகளாக வெட்டுகிறார்கள், ஒவ்வொரு துண்டையும் காற்றுப்பையில் கட்டி மெல்ல மேலே அனுப்புகிறார்கள். பவளம் வலையின் மேலேயே வளர்ந்துவிட்டிருந்தால் இழுக்கக் கூடாது, சுற்றிலும் வெட்டிவிட்டு அந்தப் பகுதியை விட்டுவிட வேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது என்ற முடிவுக்கு அனுபவம் வேண்டும். படகு வாடகை, டீசல், உருளைக்குக் காற்று நிரப்பும் செலவு எல்லாம் பெரும்பாலும் அவர்கள் பணம். விபத்து நடந்தால் காப்பீடு உண்டா, அழுத்தச் சிகிச்சைக் கூடத்துக்கு யார் அழைத்துப் போவார்கள் என்ற கேள்விகளையும் அவர்களே சுமக்கிறார்கள். உயிரைப் பணயம் வைத்து உழைக்கிறவர்களுக்கு விழாவில் ஒரு காகிதத்தை நீட்டிவிட்டு, காப்பீட்டைப் பற்றி வாய் திறக்காதது அரசுக்கு அழகில்லை.

கரைக்கு வந்த வலைக்கும் போக்கிடம் இல்லை. மீன்பிடித் துறைமுகத்தில் அதை எடை போட்டு வாங்கிக்கொள்ள ஓர் இடம் இருக்க வேண்டும், அங்கிருந்து மறுசுழற்சிக்குப் போக வேண்டும். காசிமேட்டில் பழைய வலையை விலை கொடுத்து வாங்கும் முயற்சி தொடங்கியிருக்கிறது. அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் பவளம் இருப்பது காசிமேட்டில் இல்லை. மண்டபத்திலும் பாம்பனிலும் கீழக்கரையிலும் வேம்பாரிலும் தூத்துக்குடியிலும் அந்த ஏற்பாடு முதலில் வந்திருக்க வேண்டும். கேரளத்தைப் பாருங்கள். 2017-லேயே கொல்லம் அருகே சக்திகுளங்கரைத் துறைமுகத்தில், கடலில் மடியில் ஏறும் பிளாஸ்டிக்கை மீனவர்கள் திரும்ப எறியாமல் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதைக் கழுவித் தரம் பிரித்து அரைக்கும் வேலை உள்ளூர்ப் பெண்களுக்குக் கிடைத்தது. அரசும் துறைமுகப் பொறியியல் துறையும் படகு உரிமையாளர் சங்கமும் சேர்ந்து செய்ததால் அது நடந்தது.

யார் வலை அறுந்தது என்று யாருக்கும் தெரியாததுதான் நம் நிலைமையின் வேர். படகுக்குப் பதிவு எண் உண்டு, முன்பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். அந்தப் படகு கடலில் விரிக்கும் வலையில் நடைமுறையில் எந்த அடையாளமும் இல்லை. வலைக்கு அடையாளம் இடுவதற்கான வழிகாட்டு நெறிகளை ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2018-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. கப்பலிலிருந்து செயற்கை இழை வலைகளைக் கடலில் எறிவதைப் பன்னாட்டு உடன்படிக்கை 1988 முதல் தடைசெய்கிறது. நார்வேயில் வலையைத் தொலைத்த மீனவர் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த நாட்டின் மீன்வளத் துறை 1980-களின் தொடக்கத்திலிருந்தே கப்பல் அனுப்பித் தொலைந்த வலைகளைத் தேடி எடுக்கிறது. தாய்லாந்தில் 2021-இல் கோ லோசின் தீவின் பவளத்தின் மேல் 2,750 சதுர மீட்டர் வலை ஒன்று போர்த்திக் கிடந்தது. தன்னார்வ முக்குளிப்பவர்களோடு அந்த நாட்டுக் கடற்படையும் இறங்கி எடுத்தது. தன்னார்வலர் முதலில் பார்த்துச் சொல்வார்கள், அரசு படகோடும் ஆளோடும் வந்து சேரும். இதுதான் முறை. நம்மிடம் முதல் பாதி மட்டும் நடக்கிறது.

இந்தக் கடலடியை நன்றாக அறிந்தவர்கள் யார் என்பதையும் துறைகள் மறந்துவிட்டன. கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் வேம்பாரிலும் தூத்துக்குடியிலும் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளிப்பவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பார் எங்கே இருக்கிறது, நீரோட்டம் எந்த மாதம் எப்படித் திரும்பும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். பலர் இன்று கம்ப்ரஸரிலிருந்து வரும் குழாயைக் கவ்விக்கொண்டு, அழுத்த நோய்க்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் மூழ்குகிறார்கள். இவர்களுக்கு முறையான முக்குளிப்புப் பயிற்சியும் கருவியும் கொடுத்து, வலை எடுக்கும் பணிக்கு நாள்கூலி நிர்ணயித்திருந்தால் இரண்டு நன்மை ஒன்றாக நடந்திருக்கும். நகரத்து இளைஞர் வந்து கற்றுக்கொள்ளவும் அது இடமாகியிருக்கும். அருகில் இருக்கும் அறிவை விட்டுவிட்டுச் சுற்றுலாக் கண்காட்சிகளில் ‘கடலடிச் சாகசம்’ என்று விளம்பரம் செய்வது மனத்தைப் புண்படுத்துகிறது.

அடுத்தது பாக் விரிகுடா. பாம்பன் மக்கள் சொல்லும் வடகடல். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஊர் மக்கள் ஆவுளியா என்று அழைக்கும் இந்த உயிர் கடற்புல்லை மட்டுமே மேய்ந்து வாழ்வது, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட வேண்டியது. வலையில் சிக்கினால் மூச்சு முட்டிச் சாகும். பதின்மூன்று மாதம் போலச் சுமந்து ஒரே குட்டி ஈனும், அடுத்த குட்டிக்குப் பல ஆண்டுகள். ஒன்று செத்தாலும் ஈடு செய்வது கடினம். அதை அறிந்த மீனவர்கள், ஒருகாலத்தில் இறைச்சிக்காகப் பிடித்தவர்களின் பிள்ளைகள், இன்று வலையை அறுத்து விடுகிறார்கள். அவர்களுக்கு ஊக்கத்தொகையும் பாராட்டும் கிடைத்ததுண்டு. பரிசு கொடுப்பவர் மனம்போல வரும். வலையின் விலை அப்படி வரக் கூடாது. காட்டு யானை வயலை அழித்தால் இழப்பீடு கேட்பது விவசாயியின் உரிமை. அதேபோல, பாதுகாக்கப்பட்ட உயிரைக் காப்பாற்ற வலையை அறுத்தவருக்கு அதன் முழு விலையும் ஒரு வாரத்துக்குள் கைக்கு வரவேண்டும், அலைய விடாமல் வரவேண்டும்.

அந்தக் கடற்புல் திரும்ப முளைக்க என்ன பாடு பட வேண்டும் என்பதை வெளிவயலில் இயங்கும் ஓம்கார் அறக்கட்டளையைக் கேட்டால் தெரியும். மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிற்றைப் பின்னி, அதில் புல் கன்றுகளைக் கட்டி, உள்ளூர் மீனவர்களோடு சேர்ந்து கடலடியில் பதிக்கிறார்கள். பிளாஸ்டிக் இல்லை, இயந்திரம் இல்லை, எல்லாம் கை வேலை. கையால் கட்டிய சட்டத்தின் மேல் ஓர் இழுவைமடி ஒரே ஒரு தடவை போனால் போதும், மாதக்கணக்கான உழைப்பு சேறாகிவிடும். பாதுகாப்பகம் என்று வரைபடத்தில் கோடு போட்ட அரசு, அந்தக் கோட்டுக்குள் எந்தப் படகு வருகிறது என்று பார்க்காவிட்டால் அந்தக் கோட்டுக்கு என்ன பொருள்?

பார்க்க முடியாது என்று இனிச் சொல்ல இயலாது. விசைப்படகுகளில் செயற்கைக்கோள் வழி இருப்பிடம் காட்டும் கருவியை அரசு செலவில் பொருத்தி வருகிறார்கள். ஆபத்தில் மீனவரைக் காக்க அது வேண்டும், அதில் நமக்கு இருவேறு கருத்து இல்லை. அதே கருவி, 5 கடல் மைலுக்குள் மடி இழுக்கும் படகையும் காட்டும். காட்டியபின் நடவடிக்கை எடுக்க மனம் வேண்டும்.

மனம் இல்லாததன் விலையைச் சென்னை 2025 ஜனவரியில் பார்த்தது. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் பருவத்தில், சென்னையிலிருந்து தெற்கே மணலெங்கும் அவற்றின் உடல்கள் ஒதுங்கின. ஆயிரத்துக்கு மேல். கண் பிதுங்கி, கழுத்து வீங்கி, வலையில் மூச்சுத் திணறிச் செத்ததன் அடையாளங்களோடு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுத்து அதிகாரிகளைக் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. இந்தக் கரையில் மாணவர்களின் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழு 1988 முதல் ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இருட்டில் கால் கடுக்க நடந்து, நாயும் மனிதரும் எடுப்பதற்கு முன் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, 45 முதல் 60 நாள் காத்திருந்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். அந்தக் குஞ்சுகளில் முதிர்ந்து திரும்பி வருவது மிக மிகச் சில. அப்படித் தப்பி வளர்ந்த தாய் ஆமைதான் கரைக்கு ஓரிரு மைல் தொலைவில் மடியில் சிக்கிச் சாகிறது. ஒரு தலைமுறை மாணவர்களின் உழைப்பைச் சில இரவுகளில் அழிக்கவிட்டு, அடுத்த பருவத்தில் அதே மாணவர்களை அழைத்துக் குஞ்சு விடும் நிகழ்ச்சியில் கொடியசைப்பதை ஏற்க முடியாது.

இழுவைமடியில் ஆமை தப்பிக்கும் வழி வைக்கும் கருவி புதிதல்ல. கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனமே நம் மடிக்கு ஏற்றபடி அதை வடிவமைத்துக் கொடுத்திருக்கிறது. அதை இந்தியப் படகுகள் பொருத்தவில்லை என்பதால், 2019 முதல் இந்தியாவின் கடல் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. ஆமைக்காகக் கவலைப்படாதவர்கள் இறாலுக்காவது கவலைப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

பாம்பன் சின்னப்பாலம் பெண்களின் கதையில் அநீதி வேறு வடிவம் எடுக்கிறது. மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்துப் பிழைக்கும் இவர்கள், கண்ணாடியும் கையுறையும் கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்குகிறவர்கள். தீவுகள் தேசியப் பூங்காவானதும் தங்கள் கடலிலேயே அத்துமீறியவர்களாக நடத்தப்பட்டார்கள். அவர்கள் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, பாறையைச் சுரண்டாமல் கையால் பறிப்பது என்று தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கத்தை வழிநடத்திய லட்சுமிக்கு 2015-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இயங்கும் சீகாலஜி அமைப்பு பரிசு வழங்கியது. கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்குத் தெரிந்த பெருமை மண்டபம் வனச்சரகத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். தேசியப் பூங்காவின் மேலாண்மையில் இந்தப் பெண்களுக்கு வாக்குரிமையோடு இருக்கை வேண்டும். ஆலோசனைக் கூட்டத்தில் கையெழுத்து வாங்கி அனுப்புவதை அவர்கள் பங்கேற்பு என்று எழுதிக்கொள்ளக் கூடாது.

இதே கடலில் இன்னொரு முரண்பாடு. பிலிப்பைன்ஸ் பக்கத்திலிருந்து வந்த கப்பாஃபைக்கஸ் என்ற பாசியை 1990-களில் மண்டபத்தில் சோதித்தார்கள், 2000-க்குப் பின் வணிகமாக வளர்த்தார்கள். 2008-இல் அது குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து கொல்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அன்று முதல் மூழ்கி மூழ்கிக் கையால் பிய்த்தெடுக்கும் வேலை நடக்கிறது. துண்டு ஒன்று விட்டாலும் மீண்டும் படரும். இந்நிலையில் ராமநாதபுரம் வளமாவூரில் ரூ.127 கோடிக்கு மேல் செலவில் கடற்பாசிப் பூங்கா வருகிறது. பாசி வளர்ப்பு பல பெண்களுக்குச் சோறு போடுகிறது, அதை நாம் எதிர்க்கவில்லை. எந்தப் பாசி, பவளத்திலிருந்து எவ்வளவு தூரத்தில், பரவினால் எடுக்கும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வெளியிடாமல் ஒரு மிதவைகூடக் கடலில் இறங்கக் கூடாது. ஒரு துறை பரப்ப, தன்னார்வலர் பிய்த்தெடுக்க என்ற ஏற்பாடு இனி வேண்டாம்.

தன்னார்வலர்கள் சேர்க்கும் தகவலை நாம் எவ்வளவு மலிவாக மதிக்கிறோம் என்பதற்கு ஆஸ்திரேலியாவோடு ஒப்பிட்டால் போதும். அங்கே 2007-இல் டாஸ்மேனியாவில் தொடங்கிய ரீஃப் லைஃப் சர்வே, பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களுக்கு விஞ்ஞானிகளே பயிற்சி தந்து, ஒரே முறையில் மீனையும் பாசியையும் எண்ண வைத்தது. அந்த எண்ணிக்கைகளையும் அரசு ஆய்வுகளையும் சேர்த்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட பவளத்திட்டு உயிரினங்களின் ஏற்ற இறக்கத்தை 2023-இல் நேச்சர் இதழ் வெளியிட்டது. நம் இளைஞர்கள் எடுக்கும் படமும் குறிக்கும் இடமும் நாளும் வலையின் வகையும் அவரவர் கைப்பேசியில் கிடந்து அழிகின்றன. அவற்றை வாங்கிச் சரிபார்த்துப் பொதுவில் வைக்கும் ஒரு பதிவேட்டை வனத்துறை தொடங்கக் கோடிகள் தேவையில்லை.

தன்னார்வத்தின் பெயரால் நடக்கும் சிலவற்றையும் கண்டிக்காமல் இருக்க முடியாது. கடற்கரைத் தூய்மை நாளான செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை வந்ததும் நிறுவனச் சட்டையும் தொப்பியும் அணிந்து வந்து, கரையில் ஒரு மணி நேரம் பாட்டில் பொறுக்கி, பதாகையோடு படம் எடுத்து, கொண்டுவந்த தண்ணீர்ப் பாட்டிலை அங்கேயே விட்டுப்போகும் கூட்டங்கள் கடலுக்கு உதவுவதில்லை. மிதக்கும் நிதானம் பழகாதவர்களைக் கட்டணம் வாங்கிப் பவளத்துக்கு அருகே இறக்கி, ‘நீங்களும் பவளம் நடலாம்’ என்று சொல்பவர்கள் தீங்கே செய்கிறார்கள். ஒரு துடுப்பு உதை பல ஆண்டு வளர்ச்சியை முறிக்கும். உண்மையாக உழைக்கும் குழுக்கள் இவர்களைத் தங்களிடமிருந்து விலக்கி நிறுத்த வேண்டும். பூங்கா எல்லைக்குள் இறங்க அனுமதி கொடுக்கும் வனத்துறையும் பயிற்சித் தகுதியை ஆராய்ந்து, தகுதி உள்ளவர்களுக்குக் காலவரையறைக்குள் அனுமதி தந்து, இல்லாதவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

விசைப்படகுத் தொழிலாளியின் வயிறு என்ற வாதம் உடனே எழும். அதை நாம் இலேசாகத் தள்ளவில்லை. மடி இழுக்கும் தொழிலாளி பங்குக்கு வேலை செய்பவர், எந்தத் தூரத்தில் இழுப்பது என்று முடிவெடுப்பவர் பெரும்பாலும் அவரில்லை. இழுவைப்படகை மானியம் கொடுத்து வளர்த்ததும் அரசுதான். அதனால்தான் மாற்றும் பொறுப்பும் அரசுக்கே இருக்கிறது. பாக் விரிகுடா இழுவைப்படகுகளில் 2,000 படகுகளை மூன்றாண்டில் ஆழ்கடல் படகுகளாக மாற்றுவோம் என்று 2017-இல் மத்திய, மாநில அரசுகள் திட்டம் அறிவித்தன. இலக்கின் அருகில்கூட அது போகவில்லை. கடன் சுமை தாங்காமல் மீனவர்கள் ஒதுங்கினார்கள், திட்டத்தைத் திருத்த யாரும் முன்வரவில்லை. தோற்றுப்போன திட்டத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு விதிமீறலை அனுமதிப்பது நாட்டுப்படகு மீனவருக்குச் செய்யும் துரோகம். மடி கரைக்கு அருகே வந்தால் முதலில் அறுபடுவது அவருடைய வலை.

ஆகவே அரசிடம் கேட்கிறோம், வேண்டுகோளாக அல்ல, கடமையை நினைவூட்டியே கேட்கிறோம். ஒவ்வொரு விசைப்படகின் வலையிலும் மடியிலும் பதிவு எண் அடையாளம் கட்டாயம் என்று அரசாணை வெளியிடுங்கள். வலை தொலைந்தால் தெரிவிப்பதைச் சட்டமாக்குங்கள். நேர்மையாகத் தெரிவித்தவருக்கு அபராதம் வேண்டாம், மறைத்தவருக்கு வேண்டும். தெரிவித்த இடத்துக்குப் பயிற்சி பெற்ற சங்கு குளிப்பவர்களையும் தன்னார்வலர்களையும் துறைப் படகில் அழைத்துப் போங்கள். அவர்களுக்குக் கூலியும் காப்பீடும் மருத்துவ ஏற்பாடும் உங்கள் செலவு. மன்னார் வளைகுடாத் துறைமுகங்களில் வலையை எடை போட்டு வாங்குங்கள். ஆமைப் பருவத்தில் 5 கடல் மைல் விதியை மீறிய படகுகளின் எண்ணிக்கையையும் எடுத்த நடவடிக்கையையும் மாதாமாதம் வெளியிடுங்கள், இருப்பிடக் கருவியின் பதிவோடு வெளியிடுங்கள். ஆமை விலக்குக் கருவி இல்லாத இழுவைமடிக்குக் கடலுக்குள் போக அனுமதிச் சீட்டு கொடுக்காதீர்கள். கடற்பசுவை விடுவித்தவரின் வலைக்கு விலை கொடுங்கள்.

இவற்றில் எதற்கும் புதிய ஆணையமோ வெளிநாட்டுச் சுற்றுப்பயணமோ தேவைப்படாது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் நீடிக்கிறது. அப்போது விசைப்படகுகள் கரையில் நிற்கும், மடிகள் காய்ந்து தைக்கப்படும், துறை அதிகாரிகள் படகுகளை நேரில் ஆய்வு செய்வதும் அப்போதுதான். வலைக்கு அடையாளம் இடவும், ஆமைக் கருவியைப் பொருத்தவும், இருப்பிடக் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்கவும் அதைவிட வசதியான காலம் இல்லை. வரும் தடைக்காலம் முடிந்து ஜூன் 15 அன்று கடலுக்குப் போகும் முதல் விசைப்படகின் மடியில் பதிவு எண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் படகைத் துறைமுகத்தை விட்டு வெளியே விடக் கூடாது.